பழைய கியர்பாக்ஸுக்கு ஆயில் மாத்தக் கூடாது

சிகரெட்டை விட்ட பதினோராவது நாள் காலையில பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது தொண்டையில ஏதோ உருண்டு வந்துச்சு. காறித் துப்பினேன். வாஷ்பேசின்ல கறுப்பா ஒண்ணு விழுந்துச்சு. சும்மா அழுக்குக் கறுப்பு இல்லைங்க. ஆயில் ஃபில்டரைக் கழட்டினா அடியில ஒட்டியிருக்குமே, அந்தக் கறுப்பு. வெள்ளை பேசின்ல அது மெதுவா வழுக்கி ஓட்டையைப் பார்த்துப் போறதை, பிரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுட்டு, கதவுல தாழ் போட்டிருக்கான்னு திரும்பிப் பார்த்தேன்.

முப்பத்தொரு வருஷம் பிடிச்சேன். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாது. அத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒண்ணு வெளிய வந்தது கிடையாது. விட்டேன், வந்துடுச்சு. எவனுக்குத்தான் பயம் வராது?

நான் கியர்பாக்ஸ் மெக்கானிக். எங்க ஏரியாவுல கியர்பாக்ஸ் பிரிக்கறவங்க நாலு பேர் இருக்கோம். அதுல மூணு பேர் பிரிச்சதைத் திரும்ப மாட்டத் தெரியாம என்கிட்டதான் கொண்டு வருவாங்க. பட்டறைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் தவறாம சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு ஆயில் மாத்தாதீங்க. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஒரே ஆயில்ல ஓடினதா, அதை அப்படியே விட்டுடுங்க. உள்ள தேய்ஞ்ச தூளெல்லாம் ஆயில்ல கலந்து சேறா நிக்கும். தேய்ஞ்சுபோன கிளட்ச் தகடுகளுக்கு அந்தச் சேறுதான் பிடிமானம். சுத்தம் பண்றேன் பேர்வழின்னு கழுவிட்டுப் புது ஆயிலை ஊத்தினீங்கன்னா தகடு வழுக்க ஆரம்பிச்சிடும். அழுக்குதான் தாங்கிக்கிட்டு இருக்கு, அதை எடுத்தா வண்டி போச்சு.

இதுக்குச் சாட்சியா ஒரு டாக்சிக்காரர் கதை வச்சிருக்கேன். ஆயில் மாத்திக் குடுங்கன்னு வந்தார். முடியாதுன்னுட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போய் வேற இடத்துல மாத்தினார். மூணாவது வாரம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு என் வாசல்லயே வந்து நின்னார். அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன். பேசின் முன்னாடி நின்னு நூத்தியோராவது தடவையா எனக்கே சொல்லிக்கிட்டேன்.

நான் ஏன் விட்டேன்னு சொல்லிடறேன். நல்ல புத்தி வந்தெல்லாம் விடலை. என் தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. நாற்பத்தொரு வயசுலயும் எங்களுக்கு அவ பாப்பாதான். எங்க ரெண்டு பேரைத் தவிர கூடப் பிறந்தவங்க யாரும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. மாப்பிள்ளை நான் தர்றேன்னு முதல் ஆளா வந்து நின்னார். அவர் ரத்தம் சேரலை. என்னோடது சேர்ந்துச்சு, அச்சுல வார்த்த மாதிரி பொருந்துதுன்னு கிட்னி டாக்டரே சொன்னாங்க. அந்த டாக்டரம்மா அதிகம் பேச மாட்டாங்க, பேசினா ஒரே வெட்டுதான்.

"ஆறு வாரம். ஒரு இழுப்புகூடக் கூடாது. ஆறாவது வாரம் யூரின் எடுத்துப் பார்ப்போம். பிடிச்சிருந்தா அதுல தெரிஞ்சிடும். ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போட அவங்களுக்கு நாள் இல்லை."

நாள் இல்லைங்கறது நிஜம். டயாலிசிஸ் ஊசி போடறதுக்காகப் பாப்பா கையில தயார் பண்ணின ரத்தக்குழாய் ரெண்டு தடவை அடைச்சுப்போச்சு. இப்ப கழுத்துல குழாய் செருகி வச்சிருக்காங்க. அதுல ரெண்டு தடவை காய்ச்சல் வந்து, ஒரு தடவை நினைவே தப்பிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, பாப்பா என் கிட்னியை வேணாம்னுட்டா. யார்கிட்டேர்ந்து வேணா குடுங்க, அண்ணாகிட்டேர்ந்து வேணாம்னு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. "என்னோடது என்ன மட்டமா? புகை பிடிச்ச கிட்னின்னு பாக்கறியா?"ன்னு கத்தினேன். அவ சின்ன வயசுலேர்ந்து எனக்கு வச்சிருக்கற பேரு சைலன்சர், எப்பவும் புகை விட்டுக்கிட்டே இருப்பேன்னு. "சைலன்சர் வேணாம்னா வண்டியே ஓடாதுடி"ன்னு நான் சொன்னப்பதான் லேசா சிரிச்சா. அப்புறம் கையெழுத்துப் போட்டா.

அப்படி ஒத்துக்கிட்டவளுக்கு நான் என்னன்னு போய் சொல்றது, வாயிலேர்ந்து தார் வருதுன்னா? டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. சொன்னா என்ன ஆகும்? உனக்கே உடம்பு சரியில்லை, நீ வேணாம்னு என் பேரை அடிச்சிடுவாங்க. என்னை விட்டா அவளுக்கு வேற ஆள் கிடையாது. வாயை மூடிக்கிட்டேன்.

வாயைத்தான் மூட முடிஞ்சுது. உடம்பு தன்பாட்டுக்கு ஆட்டம் போட்டுச்சு. நாக்குக்கு அடியில புண்ணு, தண்ணி பட்டாக்கூட எரிச்சல். வயிறு பூட்டு போட்டுக்கிச்சு, நாலு நாளைக்கு ஒரு தடவை திறந்தா அதிசயம். விரல் நுனியெல்லாம் குறுகுறுன்னு எறும்பு ஊர்ற மாதிரி, ஸ்பேனரைப் பிடிச்சா கைக்குள்ள இருக்கா இல்லையான்னே தெரியலை. மணிக்கட்டுல விரல் வச்சு நாடியை எண்ணினேன். எப்பவும் தொண்ணூறு ஓடும். இப்ப எழுபத்திரண்டு. வேற யாராவதா இருந்தா நல்லதுன்னு சொல்லுவாங்க. நின்ன இடத்துல இன்ஜின் ஓடற வேகம், அந்த ஐடிலிங், இறங்கற வண்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? சிக்னல்ல நிக்கும்போது பொசுக்குன்னு அணைஞ்சிடும்.

கோவம் வேற மூக்குக்கு மேல. சொட்டற குழாயைப் பார்த்துக் கத்தினேன். செருப்பு ஜோடியா இல்லைன்னு கத்தினேன். நடுவுல பசி. தட்டைக் கழுவி வைக்கறதுக்குள்ள அடுத்த பசி.

"ஏங்க, இப்பத்தானே சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா என் மனைவி.

"சாப்பாட்டுக்கும் டாக்டர் சீட்டு வாங்கணுமா?"

"ஐயோ சாமி, உங்களுக்குப் பதிலா நானே ரெண்டு பிடிச்சுத் தொலைக்கலாம் போல இருக்கு. ஆமா, இருமல் ஏன் இவ்வளவு ஜாஸ்தியா இருக்கு?"

"பட்டறைத் தூசி."

"முப்பது வருஷமா இல்லாத தூசியா?"

மறுநாளே வெள்ளைக் கைக்குட்டையை எல்லாம் பீரோவுக்குள்ள தள்ளிட்டுக் கருநீலத்துல அரை டஜன் வாங்கினேன். அதுல என்ன பட்டாலும் தெரியாது. துவைக்கறேன்னு நானே எடுத்துக்கிட்டும் போனேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு துணி துவைக்காதவன் கைக்குட்டை துவைக்கறதைப் பார்த்து அவ சந்தேகப்படலைன்னா அதிசயம்தான். பார்த்தா, ஒண்ணும் கேக்கலை. கேக்காதது இன்னும் பயமா இருந்துச்சு.

இத்தோட விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். எங்க அப்பா கதை ஒண்ணு இருக்கு.

அப்பா லாரி டிரைவர். அவரும் சிகரெட்தான், என்னைவிட ஜாஸ்தி. நான் பதினாறு வயசுல வேற ஊர்ல ஒரு பட்டறையில வேலைக்குச் சேர்ந்துட்டேன், அதனால கடைசிக் காலத்துல கூட இல்லை. செய்தி கேட்டு ஓடி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. என்ன ஆச்சும்மான்னு கேட்டேன். அம்மா சொன்னது இதுதான்: "பாக்கெட்டை என் கையில குடுத்து, இனிமே தொட மாட்டேன்னாருடா. அன்னியிலேர்ந்து இருபத்தொன்பதாவது நாள் போயிட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு. விட்டாரு, போயிட்டாரு." சாகற வரைக்கும் அம்மா இதையேதான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்த அத்தனை பேரும், பழகின உடம்பு, திடீர்னு விட்டா எப்படித் தாங்கும்னு தலையாட்டினாங்க. நான் பட்டறைக்குத் திரும்பிப் போன மறு வருஷமே பிடிக்க ஆரம்பிச்சேன். யாராவது விடச் சொன்னா அப்பா கதையைச் சொல்லி வாயை அடைச்சிடுவேன்.

இப்ப பேசின் முன்னாடி நின்னு விரல் விட்டு எண்ணினேன். பதினொண்ணு ஆச்சு. இன்னும் பதினெட்டு.

இருபதாவது நாள் வாக்குல மூக்கு திறந்துச்சு. அதுவரைக்கும் எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருந்தது மூக்குக்கண்ணாடி மாட்டத்தான். திடீர்னு எல்லாம் வாடை அடிக்குது. பக்கத்து ஷெட் பெயிண்டரோட தின்னர் வாடை, ஈரத் துணி வாடை, லிஃப்ட்ல முன்னாடி போனவங்க போட்ட சோப்பு வாடை. அன்னிக்கு ஒரு டீச்சரம்மா வண்டி நிக்குது, உள்ள உக்காந்தா கருகல் வாடை. வயர் தீயுதுன்னு நினைச்சு டேஷ்போர்டைக் கழட்டினேன். ஒண்ணும் இல்லை. சீட்டைக் கழட்டினேன், தரை விரிப்பைத் தூக்கினேன். வாடை கூடவே வருது. வண்டியை விட்டு வெளிய வந்தேன், அப்பவும் வருது. அந்தம்மா வந்து, பிரேக் பார்க்கக் குடுத்த வண்டி எலும்பும் தோலுமா நிக்கறதைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க.

"என் வண்டிக்கு என்ன ஆச்சு?"

"கருகல் வாடை வருதும்மா."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

பெயிண்டர் ஓடி வந்து மோந்து பார்த்தான். "யோவ், ஒரு வாடையும் இல்லையே"ன்னான். அப்படின்னா எனக்கு மட்டும் வருது. எனக்குள்ளேர்ந்து வருது. நெஞ்சுக்குள்ள எதோ கருகுதுன்னு முடிவே பண்ணிட்டேன். டூல் பாக்ஸ் மேல உக்காந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு எழுந்து சட்டையை மாத்தும்போதுதான் தெரிஞ்சுது, நான் வேலைக்குப் போடற சட்டை, முப்பது வருஷப் புகை ஊறின பழைய துணி. அதோட வாடை அது. இப்பத்தான் என் மூக்குக்கே எட்டியிருக்கு. டீச்சரம்மா வண்டியைத் திரும்ப மாட்டிக் குடுக்க ஒரு நாள் முழுக்க ஆச்சு. அந்தச் சட்டையைத் தூக்கி எறிஞ்சேன். ஆனா பயத்தை அப்படி எறிய முடியலை.

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. கறுப்பு நிக்கவே இல்லை. சில நாள் பழுப்பா, சில நாள் தூள் தூளா. மாடிப்படி ஏறினா மூச்சு நல்லாத்தான் வருது, அதை நான் நம்பலை. டாக்சியும் ரெண்டு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு.

அப்பத்தான் தொழில் மூளை வேலை செஞ்சுது. தகடு வழுக்கற வண்டியைக் கொஞ்ச நாள் மட்டும் ஓட்டணும்னா எங்ககிட்ட ஒரு தந்திரம் இருக்கு. கெட்டி ஆயிலா ஊத்தி விட்டுடுவோம். நிரந்தரம் கிடையாது, ரெண்டு வாரமோ மூணு வாரமோ தாங்கும். எனக்கும் அவ்வளவுதானே வேணும்? ஒரு நாலைஞ்சு சிகரெட். உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் கொஞ்சம் அடைபடட்டும். யூரின்ல அது ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும்னு எங்கயோ கேள்விப்பட்டிருந்தேன். டெஸ்ட்டுக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு. தாங்கி நின்னு, கிட்னியை எடுத்துக் குடுத்துட்டா போதும். அதுக்கப்புறம் நான் வழுக்கினா என்ன, நின்னா என்ன?

சிரிக்காதீங்க. அன்னிக்கு எனக்கு அது முழு நியாயமா பட்டுச்சு.

இருபத்தொன்பதாவது நாள் விடிஞ்சுது. கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருந்துச்சு, அப்படியே அப்பா. அன்னிக்குப் பாப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். மாப்பிள்ளைக்கு வேலையில ஆள் இல்லைன்னு என்னைக் கூட இருக்கச் சொல்லியிருந்தாங்க. போற வழியில கடையில நின்னு பத்து இருக்கற பாக்கெட் ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர், "என்ன சார், ஊருக்குப் போயிட்டீங்களா, ஆளையே காணோம்?"னார். ஆமாம்னேன். பாப்பாவைப் பார்த்துட்டு, ஒரு பதினொரு மணிக்கு வெளிய வந்து பார்க்கிங்ல பிடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணிக்கிட்டேன். முதல்ல அவளைப் பார்த்துடணும்னு தோணுச்சு. பார்க்காமயே எனக்கு ஏதாவது ஆயிட்டா?

வார்டுல எட்டு நாற்காலி, எட்டு மெஷின். பாப்பாவோடது ஜன்னல் ஓரம். கழுத்துக் குழாயிலேர்ந்து ரத்தம் வெளிய வந்து, மெஷின்ல மாட்டியிருக்கற ஃபில்டருக்குள்ள போயிட்டுத் திரும்ப உள்ள போயிக்கிட்டு இருந்துச்சு. அவ முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"ன்னா.

"தூக்கம் இல்லை."

"உக்காரு முதல்ல. நீ நிக்கறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

உக்காந்தேன். உக்காந்ததும் உள்ளேர்ந்து கிளம்புச்சு பாருங்க ஒரு இருமல். நிறுத்த முடியலை. பேன்ட் பாக்கெட்ல கருநீலக் கைக்குட்டையைத் தேடறேன், கையில சிகரெட் பாக்கெட்தான் மாட்டுது. பாப்பா பக்கத்துல இருந்த பெட்டியிலேர்ந்து ஒரு வெள்ளை டிஷ்யூவை உருவி என் கையில திணிச்சா. அதுலதான் விழுந்துச்சு. மடிக்கறதுக்குள்ள பார்த்துட்டா.

"இது எத்தனை நாளா?"

"விடு பாப்பா."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"பதினெட்டு நாளா."

"அண்ணிக்குத் தெரியுமா? டாக்டருக்கு?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா உனக்குக் கிட்னி கிடையாதுடி, மண்டு!" என் குரல் எங்கயோ போயிடுச்சு. பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அதுக்கு மேல என்னால அடக்க முடியலை. "எனக்குப் பயமா இருக்கு பாப்பா. இன்னிக்கு இருபத்தொன்பதாவது நாள்."

இருபத்தொன்பதுன்னா என்னன்னு அவ கேக்கலை. அவ உதடு மட்டும் "அப்பா"ன்னுச்சு.

எல்லாத்தையும் கொட்டிட்டேன். கியர்பாக்ஸ், அழுக்கு, கருநீலக் கைக்குட்டை, டாக்சிக்காரர், கெட்டி ஆயில், பார்க்கிங்ல போய் ரெண்டு பிடிக்கப் போறது வரைக்கும். "உள்ள இருந்த அழுக்குதான் என்னைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பாவுக்கும் அதானே ஆச்சு? விட்டார், போயிட்டார். கொஞ்சம் பிடிச்சா ஆபரேஷன் வரைக்கும் தாங்குவேன்."

பாப்பா என்னைப் பார்க்கலை. ரத்தம் ஓடற குழாயையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அண்ணா, அப்பா விடலை"ன்னா.

"என்னது?"

"அப்பா சிகரெட்டை விடவே இல்லை. அம்மாகிட்ட விட்டுட்டேன்னு சொன்னாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். தினம் ஸ்கூல் விட்டு வரும்போது. பென்சில் பாக்ஸுக்குள்ள வச்சு எடுத்துட்டு வருவேன். பின்பக்கம் பாத்ரூம்ல நின்னு பிடிப்பாரு, நான் வாசல்ல காவல் நிப்பேன். அம்மாகிட்ட சொல்லாத கண்ணுன்னுவாரு. கடைசி நாள் காலையிலகூடக் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். பத்து. மூணு பிடிச்சாரு. அப்புறம் படுத்தாரு. எழுந்திருக்கலை. மீதி ஏழையும் நான் குப்பையில போட்டேன்."

முப்பத்திரண்டு வருஷம். அப்ப ஒன்பது வயசுப் பிள்ளை அவ.

"ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

"யார்கிட்ட சொல்ல? அம்மா, விட்டாரு போயிட்டாருன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழறாங்க. நான் போய், விடலைம்மா, நான்தான் வாங்கிக் குடுத்துக் கொன்னேன்னு சொல்லணுமா?"

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. "அதுக்குத்தான் என் கிட்னி வேணாம்னு அழுதியா?"

அவ கண்ணுலேர்ந்து தண்ணி கன்னத்துல வழிஞ்சு கழுத்துல ஒட்டியிருந்த பிளாஸ்டர்ல இறங்குச்சு. தலையைத் திருப்ப முடியாது, குழாய் இழுக்கும். "அப்பாவுக்கு நான் குடுத்தேன், அவர் போயிட்டாரு. இப்ப உன்கிட்டேர்ந்து எடுக்கறேன். நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன் அண்ணா?"

நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு, மெஷின்ல இருக்கும்போது அப்படித்தான் ஆகும். ரெண்டு பேரும் அழுதோம். கொஞ்ச நேரம் கழிச்சு அவதான் முதல்ல தேறினா. மூக்கை உறிஞ்சிட்டு, "அந்த டிஷ்யூவைக் காட்டு"ன்னா.

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

விரிச்சுக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அப்பா கைக்குட்டையை நான்தான் குழாயடியில அலசுவேன், அம்மாவுக்குத் தெரியாம. விடறேன்னு அவர் சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாடியிலேர்ந்து. அதுல இருந்தது சிவப்பு. இது கறுப்பு. இதுல சிவப்பு எங்க இருக்கு, சொல்லு."

பார்த்தேன். சிவப்பு இல்லை.

அப்படின்னா நாலு மாசமா உடம்பு போய்க்கிட்டு இருந்திருக்கு. அந்தப் பயத்துலதான் விடறேன்னே சொல்லியிருக்கார். ஆனா விடலை. டாக்சிக்காரர் ஞாபகம் வந்துச்சு. அவர் சும்மா வந்து ஆயில் மாத்தச் சொல்லலைங்க. "கியர் ஏறும்போது வழுக்குது, ஆயில் மாத்தினா சரியாகுமா?"ன்னுதான் கேட்டுக்கிட்டு வந்தார். கதை சொல்லும்போது அந்த ஒரு வரியை நான் எப்பவும் விட்டுடுவேன். வேணும்னு விடலை. ஆனா விட்டுடுவேன்.

பயம் போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். கறுப்பும் நல்லதுக்கில்லைன்னா? நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாப்பா நர்ஸைக் கூப்பிட்டு, "டாக்டரை வரச் சொல்லுங்க, எங்க அண்ணா ஒண்ணு காட்டணுமாம்"னு சொல்லிட்டா. நான் அவளை முறைச்சேன். "முறைக்காத. கிட்னி கிடைக்காட்டிப் போகுது. எனக்கு அண்ணா வேணும்"னா.

டாக்டரம்மா வந்து டிஷ்யூவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "பதினெட்டு நாளா மறைச்சீங்களா?"ன்னு ஒரு அதட்டு. முதுகுல ஸ்டெதாஸ்கோப்பை வச்சு, இழுங்க, விடுங்கன்னு நாலு பக்கமும் கேட்டாங்க. எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. கீழ் தளத்துல வரிசையில உக்காந்திருந்த நேரம் முழுக்க நாடியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். நூத்திப் பத்து. இறங்கற ஐடிலிங் எங்க போச்சுன்னு தெரியலை. குளிர்ந்த தகட்டுல நெஞ்சை அழுத்தி மூச்சை அடக்குன்னாங்க, அடக்கினேன். விடுன்னு சொன்ன அப்புறமும் விட மறந்துட்டேன்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "கட்டி எதுவும் இல்லை. பழைய கறை இருக்கு, முப்பது வருஷத்துக்கு இருக்கத்தான் செய்யும். மூச்சுக்குழாய்க்குள்ள பொடிப்பொடியா முடி மாதிரி இருக்கும். குப்பையை மேல தள்ளறதுதான் அதோட வேலை. உங்க புகையில அது அத்தனையும் படுத்துக் கிடந்துச்சு. இப்ப எழுந்து வேலை பார்க்குது. எல்லாருக்கும் இப்படி வராது, சில பேருக்கு வரும். வந்தா வந்து சொல்லணும், கருநீலத் துணி வாங்கக் கூடாது." அதையும் பாப்பா சொல்லிட்டா போல. "ஆபரேஷன் தேதியில மாத்தம் இல்லை."

மாடிப்படியில ரெண்டு ரெண்டு படியா ஏறி வந்தேன். மூச்சு வாங்கலை, அதை இப்பத்தான் நம்பினேன். பாப்பாவுக்கு மெஷினைக் கழட்டிட்டாங்க, கழுத்துல புதுக் கட்டு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டா. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டா. அப்புறம் கையை நீட்டினா.

"குடு."

"எதை?"

"பாக்கெட்டை. வந்ததுலேர்ந்து எனக்கு வாடை வருது. எனக்குத் தெரியாத வாடையா அது?"

எடுத்துக் குடுத்தேன். அவ அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டா. அப்புறம் மூடியைத் திறந்து, ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு எண்ண ஆரம்பிச்சா, ஒண்ணு, ரெண்டுன்னு, சத்தமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்ணற மாதிரி. ஏழு வந்ததும் நின்னுட்டா. என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன்.

"எட்டு"ன்னா. "ஒன்பது. பத்து."